பதில் மாறிப்போன லிஃப்ட்காரர்

அவளுக்குத் தொழில் வட்டத்தில் விசாரணை என்று பெயர். கஸ்டமர்களிடம் சொல்கிற பெயர் வேறு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. ஒரு புது ஆளைப் பார்க்கச் சம்மதிப்பதற்குள் அவள் கேட்கிற கேள்விகளில் பாதிப் பேர் தலைதெறிக்க ஓடிவிடுவார்கள். ஓடட்டும் என்பாள். கேள்விக்கே ஓடுகிறவன் கதவைச் சாத்திய பிறகு என்ன செய்வானோ, யார் கண்டது?

நாற்பதை நெருங்குகிறாள். எஸ்கார்ட் வேலை. புரோக்கர் கிடையாது, முதலாளி கிடையாது. புரோக்கர் இல்லாதது பெரிய நிம்மதிதான். ஆனால் அவன் இருந்தால் வாசலில் ஒரு ஆள் நிற்பான் என்று பேச்சுக்காவது சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த ஆள் டீக்கடையில்தான் நிற்பான், அது வேறு விஷயம். தம்பி குடும்பத்தைப் பொறுத்தவரை அவள் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். "அக்கா எப்பப் பார்த்தாலும் இன்டர்வியூலதான் இருக்கும்" என்று தம்பி பெருமையாகச் சொல்வான். அதில் பொய் என்று பார்த்தால் கொஞ்சம்தான்.

அவளுடைய முறை இதுதான். முதலில் போனில் பேச வேண்டும். எழுதி அனுப்பினால் பதில் கிடையாது. எங்கே வேலை என்று கேட்பாள். அந்த ஆபீஸ் நம்பரை அவன் கொடுத்தால் வாங்கமாட்டாள், தானே தேடி எடுத்துக் கூப்பிட்டு, கூரியர் வந்திருக்கிறது, இப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்பாள். பிறகு முகம் தெரிகிற போட்டோ. பிறகு பட்டப்பகலில், பெரிய கண்ணாடி ஜன்னல் உள்ள காபிக் கடையில் ஒரு சந்திப்பு. இதெல்லாம் கூட்டாளிப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். அவளுக்கென்று ஒரு வித்தை தனியாக உண்டு. ஒரு சின்னக் கேள்வியைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைப்பாள். பல நாள் கழித்து அதையே வேறு பக்கமாகத் திருப்பிக் கேட்பாள். உண்மை சொல்கிறவன் அதே பதிலை அலுத்துக்கொண்டு சொல்வான். கதை விடுகிறவன் போன தடவை விட்ட கதையை மறந்திருப்பான்.

பதில் மாறினால் சகவாசம் முடிந்தது. கப்பலில் வேலை என்றவன் ஒருவன் அடுத்த தடவை விமானத்துக்கு மாறினான். அவள் முடியாது என்றுவிட்டாள். அவனைப் பார்க்கப் போன இன்னொரு பெண் கை ஒடிந்து திரும்பினாள். அதிலிருந்து விசாரணை ஒருவனைத் தள்ளிவிட்டாள் என்றால் மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவார்கள்.

இந்தத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் தையல்காரி. கடைவீதியில் துணி தைக்கிற கடை வைத்திருப்பவள், இவளைவிட மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம். யார் வீடு, எந்தத் தெரு, எத்தனை மணிவரை என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இவள் கிளம்புவாள். உள்ளே போனதும் கஸ்டமர் காதில் விழுகிற மாதிரி, "வந்துட்டேன்க்கா" என்று ஒரு போன். வெளியே வந்ததும் இன்னொன்று. "ரெண்டாவது போன் வரலைன்னா கத்தரிக்கோலோட வருவேன்" என்று தையல்காரி சொல்லியிருக்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் என்று அவர்கள் இருவரும் சொல்வது ஓய்வுபெற்ற ஒரு மனிதரை. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் சோதனை செய்கிற வேலையில் இருந்தவர். அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடியில் தனியாக இருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், ஒரே மகள் ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். விசாரணை இவற்றைப் பல வருஷமாகப் பலவிதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். கல்வெட்டு மாதிரி அதே பதில். பாதி நாள் பேச்சுத்துணைக்குத்தான் கூப்பிடுவார். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்படி மக்கர் பண்ணும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் இவளுக்கு நேரம் போவதே தெரியாது. அவரிடம் மட்டும் கொஞ்சம் அசந்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

அந்த மனிதர்தான் ஒருநாள் போனில், "நாலு மணிக்கு மேல வேண்டாம்மா, அதுக்குள்ள அவ மார்க்கெட்லேர்ந்து வந்துருவா" என்றார்.

"யாரு சார்?"

"என் வீட்டுக்காரிதான். வேற யாரு?"

இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாள். ஒருவேளை பழக்கதோஷத்தில் வாய் குழறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவை போனபோது அவர் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார். இவளும் உர்ரென்று இருந்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த போனில், மகள் எப்படி இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். "மகளா? எனக்கேதும்மா மகள்?" என்றார் அவர், துளிக்கூடத் தயங்காமல்.

இவளுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. செத்துப்போன பெண்டாட்டி மார்க்கெட்டுக்குப் போகிறாள், இருந்த மகள் இல்லாமல் போகிறாள்! இத்தனை வருஷம் உட்காரவைத்துக் காதில் பூச்சுற்றியிருக்கிறான் மனுஷன், அதுவும் யாருக்கு, ஊரெல்லாம் விசாரணை என்று பெயரெடுத்தவளுக்கு. அன்றைக்கே கூட்டாளிப் பெண்களுக்குச் சொல்லிவிட்டாள்: இன்ன நம்பர், வயசானவர், பேச்சு தேனாக இருக்கும், பதில் மாறுகிறது, யாரும் போகாதீர்கள்.

சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தாளா என்றால் இல்லை. தையல் கடையில் போய் உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் தள்ளிவிட்டாச்சே, அப்புறம் என்னடி?" என்றாள் தையல்காரி, மெஷினை நிறுத்தாமலே.

"பொய் சொல்றவன் குரல் எனக்குத் தெரியும்க்கா. பதில் வழவழன்னு வரும், வந்ததும் நாம நம்பிட்டமான்னு ஒரு நிமிஷம் காத்துட்டு இருப்பான். இவரு காத்திருக்கலை. சொன்னாரு, அப்படியே லிஃப்ட் கதைக்குப் போயிட்டாரு."

"அப்ப பெரிய கைகாரனா இருப்பான்."

"இத்தனை வருஷம் ஒழுங்கா நடிச்சவரு இப்ப ஏன் உளறணும்?"

"அதை அவன்கிட்ட போய்க் கேளு. என் துணிய ஏன் நாசம் பண்றே?"

விளையாட்டாகச் சொன்னதை இவள் பிடித்துக்கொண்டாள். புது ஆளை விசாரிப்பது போல அவரை முதலிலிருந்து விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தாள். போனில் கூப்பிட்டு, காபிக் கடைக்கு வரச் சொன்னாள். முன்பு முதல்முதலாகச் சந்தித்த அதே கடை.

அவர் வந்தார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. இவள் எதிரில் நின்று கைகூப்பி, "வணக்கம்மா. போன்ல பேசினது நீங்கதானே?" என்றார். உட்கார்ந்ததும் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். லிஃப்ட் சோதனை வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். ஒரே மகள், ஊரின் மறுகோடியில். ஒரு சொல் பிசகவில்லை. முதல் நாள் சொன்ன அதே வாக்கியங்கள், அதே இடத்தில் அதே சின்னச் சிரிப்பு. கடைசியில், "உங்க பேரு கேட்கலாமா?" என்றார்.

இவளுக்குத் தலை கால் புரியவில்லை. சில ஆண்களுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கும், இன்றைக்குத்தான் சந்தித்த மாதிரி நடிப்பது. அப்படியா? அல்லது அவள் சோதிக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அவளைக் கிண்டல் செய்கிறாரா? பெயரைச் சொன்னாள். "நல்ல பேரு" என்று முதல் நாள் சொன்ன மாதிரியே சொன்னார்.

அத்தனை கேள்விக்கும் சரியான பதில் வந்தால் போகலாம், பதில் மாறியவன் வீட்டுக்குப் போகக் கூடாது. இரண்டும் அவளே போட்ட சட்டங்கள்தான். இரண்டும் ஒரே ஆள்மேல் வந்து விழும் என்று சட்டம் போட்டபோது அவளுக்குத் தோன்றவில்லை. மண்டை காய்ந்துபோய், தையல்காரிக்கு விலாசத்தைச் சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினாள். தொழிலுக்குப் போகவில்லை. என்னதான் விஷயம் என்று தெரிந்துகொள்ளப் போனாள். தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று போய் மாட்டிக்கொண்டவர்களை அவளுக்கே தெரியும், ஆனாலும் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, "வந்துட்டேன்க்கா" என்று போன் செய்தாள். காபி போடுகிறேன் என்று அவர் சமையலறைக்குப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு கப். இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

"சார், நான்தான்..."

அவர் கேட்கவில்லை. கப்பை வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், கதவைச் சாவி போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அசையாம உட்காருங்க. செக்யூரிட்டியைக் கூப்பிடறேன்."

கதவைப் பூட்டுகிற ஆண்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் பூட்டிவிட்டு நிதானமாகத் திரும்புவார்கள். இவர் அவளைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் நின்றார். அவளைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார். அதைப் பார்த்தும் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. செக்யூரிட்டி வந்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் நீ யார் என்பார்கள். தம்பி வரை போகும். தையல்காரி வந்தாலும் கத்தரிக்கோலோடுதான் வருவாள். எழுந்து ஓடிப்போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள், ஆட்டினாள், மறுபடி இழுத்தாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"கதவை இழுக்காதீங்கம்மா" என்றார். குரலே வேறாக இருந்தது, நிதானமாக, கொஞ்சம் அதிகாரமாக. "பயப்படாதீங்க. நான் இருக்கேன். உள்ளேர்ந்து இழுத்தா இன்னும் இறுகிக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரிடமோ அவர் பேசுகிறார் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு சொன்னாள்: "நான் ஒருத்திதான் சார்."

"மூச்சு முட்டுதா?"

"இல்ல சார்."

"வெளிய வந்தது யாருக்காவது தெரியுமா? வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன் சார்."

"நல்ல வேலை பண்ணீங்க. எப்பவும் அப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டிக்கொண்டே சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அவள் தாண்டிப் போக வசதியாகச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். "மெதுவா வாங்க. படியில இறங்கிப் போங்கம்மா. இன்னைக்கு இந்த லிஃப்ட் வேண்டாம்."

வெளியே வந்துவிட்டாள். அவளுடைய சட்டப்படி இனி திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். படிக்கட்டு வரை போனாள், நின்றாள். அவர் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். எங்கோ தீய்கிற வாடை. தனக்குள் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே திரும்பி ஓடினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே வைத்திருந்த பாத்திரத்தில் தண்ணீர் சுண்டிக் கருகியிருந்தது. அடுப்பை அணைத்தாள். அவர் ஹாலில் உட்கார்ந்து ஒற்றைக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது பொய் இல்லை. பொய் சொல்ல, உண்மை என்னவென்றாவது தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் யாராக இருந்தாலும், வயசானவர் ஏதோ மறக்கிறார் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். இவளுக்கு மட்டும்தான் பதில் மாறினால் ஆள் திருடன். விசாரணை செய்து செய்து அவளுக்கு அந்தப் புத்திதான் மிச்சம்.

அவர் வழக்கத்தைவிட அமைதியாக இருந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. தானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, கடமைக்கு இருந்துவிட்டு வந்த நாள். அன்றைக்கு அவருக்குத் தன்னை யாரென்று தெரிந்ததா? தெரிந்துதான் வா என்றாரா? அவளிடம் இருந்த கேள்விகள் எல்லாம் கஸ்டமர்கள் தன்னை என்ன செய்துவிடுவார்களோ என்பதற்கானவை. தான் அவர்களை என்ன செய்துவிடுவோம் என்று கேட்க அவள் ஒரு கேள்வியும் வைத்திருக்கவில்லை. நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

தையல்காரிக்குப் போன் செய்து, "நல்லா இருக்கேன்க்கா, கொஞ்ச நேரம் இங்கயேதான் இருப்பேன்" என்று சொல்லி அவளிடம் ஒரு மூச்சு திட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு மேசைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்தாள். அதில் பாப்பா என்று ஒரு பெயர் இருந்தது.

"என்னப்பா, இப்பத்தான் மக ஞாபகம் வந்துச்சா?" என்றது போனில் ஒரு வெடுக்கென்ற குரல்.

"அப்பா இல்லைங்க. நான் அவரோட வீட்லேர்ந்து பேசறேன். நீங்க உடனே வரணும்."

"நீங்க யாரு?"

வாழ்நாளில் எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்! "நேர்ல சொல்றேங்க" என்றாள். அப்படிச் சொல்கிறவர்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

மகள் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தாள். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். மகள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கருகிய பாத்திரத்தைப் பார்த்தாள், பிறகு இவள் பக்கம் திரும்பி ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லுங்க. யாரு நீங்க?"

"உங்கப்பாவைப் பார்க்க வர்றவ. ரொம்ப நாளா."

"பார்க்கன்னா?"

இவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் காது சிவந்ததில் தெரிந்தது. கத்தப் போகிறாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அவள் பொத்தென்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு இப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குத்தாங்க. பதில் மாறறது முன்னாடியே தெரியும். பொய் சொல்றாருன்னு நெனைச்சிட்டேன்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஞாயித்துக்கிழமை பூரா வந்து இருந்துட்டுப் போவேன். மறுநாளே பக்கத்து வீட்ல, மக எட்டியே பார்க்கறதில்லன்னு சொல்வாரு. வேணும்னே அசிங்கப்படுத்தறாருன்னு நெனைச்சேன். சண்டை போட்டு, வர்றதையே நிறுத்திட்டேன்." சீருடை ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நீங்க வராதீங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"நானே அதைத்தாங்க சொல்லணும்னு இருந்தேன்."

மறுநாள் கூட்டாளிப் பெண்களுக்கு மறுபடி சொன்னாள்: அந்த நம்பர்காரர் பொய்யர் இல்லை, எனக்குத்தான் தப்பாகப் புரிந்துவிட்டது, நோய்வாய்ப்பட்டவர், கூப்பிட்டால் யாரும் போகவேண்டாம், ஆனால் மரியாதையாகப் பேசிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். விசாரணைக்கே தப்பாகப் போனதா என்று ஒருத்தி சிரித்தாள். இவளால் சிரிக்க முடியவில்லை. மகள் அப்பாவைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள் என்று அடுக்குமாடிக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலைவேளை. துணி துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லிஃப்ட்காரர்.

"வணக்கம்மா. என் போன்ல உங்க நம்பர் இருக்கு. பேருதான் ஞாபகம் வரலை. நான் லிஃப்ட் சோதனை வேலையில இருந்தவன். வீட்டுக்காரி தவறிட்டா. ஒரு மக இருக்கா, இப்ப அவ வீட்லதான் இருக்கேன். உங்களைப் பார்க்க முடியுமா?"

இவள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காமலே எல்லாப் பதிலும் வந்தது, எல்லாம் சரியாகவும் இருந்தது.

"முடியாது சார்" என்றாள்.

"ஓ" என்றார் அவர். "நான் முன்ன உங்ககிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனாம்மா? எனக்கு இப்பல்லாம் நெறைய மறந்து போகுதுங்கறாங்க. அதான் கேட்கறேன்."

"ஐயோ, இல்ல சார். ஒருநாளும் இல்ல. உங்களை மாதிரி மரியாதையா நடந்தவங்க எனக்குத் தெரிஞ்சு யாருமே இல்ல."

"அப்படியா? அப்பாடா" என்றார். நிஜமாகவே பெரிய பாரம் இறங்கிய குரல். "அது ஒண்ணுதான் பயமா இருந்துச்சு."

அவர் வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே அவசரமாகக் கேட்டாள்:

"சார், ஒரு நிமிஷம். நான் உங்ககிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்க்கிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது. அவள் காத்திருந்தாள்.

"தெரியலையேம்மா" என்றார் கடைசியில், அவளுக்காக வருத்தப்பட்டு. "எனக்கு ஞாபகம் இல்லையே."